குழந்தை கஸ்டடி, ஜீவனாம்சம் கேஸுக்கு பேப்பர் ரெடி பண்றது எப்படி: முழுமையான வழிகாட்டி

நான் ஒரு வக்கீல் ஆபீஸ்ல குமாஸ்தா, ஃபேமிலி கோர்ட் கட்டுதான் என் டேபிள்ல அதிகம். அதனால இதுல சட்ட வியாக்கியானம் கம்மியாவும் பேப்பர் வேலை ஜாஸ்தியாவும் இருக்கும். தமிழ்நாட்டு கோர்ட்ட வெச்சுதான் எழுதுறேன். வக்கீல் வெச்சிருந்தாலும் சரி, இனிமேதான் பாக்கப் போறீங்கன்னாலும் சரி, இதெல்லாம் நீங்களே சேர்த்து வெச்சுட்டு போனா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

ஆபீஸுக்கு வர்றவங்க நிறைய பேர் கல்யாணத்தன்னைக்கு சாப்பாடு சரியில்லன்னு சண்டை வந்ததுல ஆரம்பிச்சு நாப்பது பக்கம் எழுதிட்டு வருவாங்க, ஆனா குழந்தை எந்த கிளாஸ் படிக்குது, காலையில யாரு ஸ்கூலுக்கு கிளப்புறாங்க, காய்ச்சல் வந்தா எந்த டாக்டர்கிட்ட போறாங்கன்னு அதுல ஒரு வரி இருக்காது. 1956 இந்து மைனர் மற்றும் கார்டியன்ஷிப் சட்டம் 13வது பிரிவு, 1890 கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம் 17வது பிரிவு, ரெண்டுமே குழந்தையோட நலன்தான் முக்கியம்னு சொல்லுது. ஜட்ஜ் தேடப் போறது குழந்தையோட ஒரு நாள் எப்படி போகுதுங்குறத. உங்க பேப்பர் அத காட்டணும், புருஷன் பொண்டாட்டி சண்டைக்கு வேற கேஸ் இருக்கு.

1. எந்த மனு, எந்த கோர்ட்

இத தப்பா போட்டா மாசக்கணக்குல அலைச்சல், அதனால நிதானமா படிங்க.

குழந்தை கஸ்டடி மட்டும்னா கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்துல போடுறது, கோர்ட்ல ஜி.டபிள்யூ.ஓ.பி.ன்னு சொல்லுவாங்க. எல்லா மதத்துக்கும் பொருந்தும். ஏற்கனவே இந்து திருமண சட்டத்துல டைவர்ஸ் கேஸ் ஓடிட்டு இருந்தா தனியா ஜி.டபிள்யூ.ஓ.பி. போடணும்னு இல்ல, அதே கேஸ்ல 26வது பிரிவுல கஸ்டடி, விசிட்டேஷன் (குழந்தைய வந்து பாக்குற உரிமை), படிப்பு செலவு எல்லாத்தையும் கேக்கலாம். எனக்கு கேட்டா ஒரே கோர்ட்ல ஒரே கட்டா இருக்கறதுதான் நல்லது, வாய்தா தேதியாவது ஒண்ணா வரும்.

ஜீவனாம்சத்துக்குன்னா முன்னாடி எல்லாரும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 125வது பிரிவ வெச்சு 125ன்னு சொல்லுவாங்க. 2024 ஜூலை 1ல இருந்து அது பி.என்.எஸ்.எஸ்.ல (அதுக்கு பதிலா வந்த புது சட்டம்) 144வது பிரிவு. இன்னமும் கோர்ட் வாசல்ல 125ன்னுதான் பேச்சு, ஆனா மனுவுல 144ன்னு அடிங்க. இதுக்கு எம்.சி. (மெயின்டனன்ஸ் கேஸ்) நம்பர் விழும். வீட்டுல அடி உதை, துரத்தி விட்டது மாதிரி விஷயம் இருந்தா 2005 குடும்ப வன்முறை சட்டத்துல மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல போட்டு 20வது பிரிவுல பணமும் 21வது பிரிவுல தற்காலிக கஸ்டடியும் கேக்கலாம், அதுக்கு மாவட்ட பாதுகாப்பு அலுவலர் கிட்டயே நேரா போகலாம், அவசரம்னா 181க்கு போன் போடுங்க.

எந்த ஊர்ங்குறதுதான் அடுத்த குழப்பம். கஸ்டடி மனு குழந்தை சாதாரணமா எங்க வசிக்குதோ அந்த ஊர் கோர்ட்ல போடணும், கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம் 9வது பிரிவு. கல்யாணம் சென்னையில நடந்தது, புருஷன் சென்னையில இருக்காருங்குறதுக்காக சென்னையில போட முடியாது, குழந்தை ரெண்டு வருஷமா திருச்சியில தாத்தா வீட்ல இருந்து படிக்குதுன்னா திருச்சிதான். போன வாரம் ஒருத்தர் தூக்கிட்டு போயி வேற ஊர்ல வெச்சிருக்காருன்னா அது வசிப்பிடம் ஆகுமாங்குறது சண்டைக்குரிய விஷயம், அதுக்குதான் ஸ்கூல் போனாஃபைட் சர்ட்டிஃபிகேட் முக்கியம். ஜீவனாம்ச மனுவுக்கு இந்த கஷ்டம் இல்ல, மனைவி இப்ப இருக்குற ஊர்லயே போடலாம். ஃபேமிலி கோர்ட் இல்லாத பகுதின்னா ஜீவனாம்சம் மாஜிஸ்ட்ரேட் கிட்டயும், கஸ்டடி மாவட்ட கோர்ட்லயும் போகும்.

2. டாக்குமெண்ட் சேக்குறது

மனு அடிக்கிறதுக்கு முன்னாடி இத முடிச்சிடுங்க. மனு எழுதிட்டு அப்புறம் ஆதாரம் தேடுனா எழுதுனதுக்கு ஆதாரம் இருக்காது, இருக்குற ஆதாரத்த பத்தி எழுதி இருக்க மாட்டோம்.

குழந்தையோட பர்த் சர்ட்டிஃபிகேட், ஆதார், தடுப்பூசி கார்டு, ஸ்கூல் போனாஃபைட், ரேங்க் கார்டு, ஃபீஸ் ரசீது, டாக்டர் சீட்டு. உங்க பக்கத்துக்கு கல்யாண சர்ட்டிஃபிகேட், அது இல்லன்னா பத்திரிகையும் போட்டோவும், அட்ரஸ் ப்ரூஃப், வாடகை அக்ரிமெண்ட், சம்பள ஸ்லிப், மூணு வருஷ பேங்க் ஸ்டேட்மெண்ட், ஐ.டி. ரிட்டர்ன் கட்டுறவங்கன்னா அதுவும். எதிர் பக்கத்துக்கு அவரு எங்க வேலை பாக்குறாருங்குறதுக்கு ஐ.டி. கார்டு போட்டோ, பழைய சம்பள ஸ்லிப், கார் ஆர்.சி., சொத்து இருந்தா வில்லங்க சர்ட்டிஃபிகேட். வில்லங்கம் நீங்களே பதிவுத்துறை வெப்சைட்ல எடுக்கலாம்.

பல பேர் கவனிக்காத ஒண்ணு ஸ்கூல் டைரி. தினமும் யாரு கையெழுத்து போட்டிருக்காங்கன்னு அதுல இருக்கும், பேரண்ட்ஸ் மீட்டிங் ரிஜிஸ்டர் மாதிரிதான் அதுவும். "நான்தான் குழந்தைய பாத்துக்கிட்டேன்"னு நூறு தடவ சொல்றத விட ஒரு வருஷ டைரியில உங்க கையெழுத்து இருக்கறது பெருசு. அப்பாக்களுக்கு நான் இத அழுத்தி சொல்லுவேன், ஏன்னா அஞ்சு வயசு முடியாத குழந்தை சாதாரணமா அம்மாகிட்ட இருக்கணும்னு 1956 சட்டம் 6வது பிரிவே சொல்லுது, அத தாண்டி கேக்கணும்னா அன்றாடம் நீங்க என்ன செஞ்சீங்கன்னு காட்டணும், எவ்ளோ சம்பாதிக்கிறீங்கன்னு காட்டி பிரயோஜனம் இல்ல.

வாட்ஸ்அப் மெசேஜ், ஆடியோ கொடுக்கறதா இருந்தா ஸ்கிரீன்ஷாட்ட பிரிண்ட் போட்டா மட்டும் பத்தாது. 2023 பாரதிய சாக்ஷ்ய சட்டம் 63வது பிரிவுல ஒரு சர்ட்டிஃபிகேட் வேணும், பகுதி ஏ நீங்க கொடுக்கறது, பகுதி பி எக்ஸ்பர்ட் கொடுக்கறது, ஃபைலோட ஹாஷ் வேல்யூவும் (ஃபைல மாத்தலன்னு காட்டுற அடையாள எண்) எழுதணும். ஃபேமிலி கோர்ட் சட்டம் 14வது பிரிவுல சாட்சிய சட்டத்த அவ்ளோ கறாரா பாக்க வேண்டாம்னு ஜட்ஜுக்கு அதிகாரம் இருக்கு, இருந்தாலும் சர்ட்டிஃபிகேட்டோட போறதுதான் சேஃப். பழைய போனை வித்துடாதீங்க, ஒரிஜினல் எங்கன்னு குறுக்கு விசாரணையில கேப்பாங்க. புருஷன் பொண்டாட்டி பேசுனத ரகசியமா ரெக்கார்ட் பண்ணத டைவர்ஸ் கேஸ்ல ஆதாரமா எடுத்துக்கலாம்னு 2025 ஜூலையில சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அதுக்காக குழந்தைய உக்கார வெச்சு "யாரு கூட இருக்க ஆசை, சொல்லு கண்ணு"ன்னு வீடியோ எடுக்காதீங்க. சொல்லிக் கொடுத்து பேச வெச்சது பாத்த உடனே தெரியும், அது உங்களுக்கு எதிராத்தான் திரும்பும். விவரம் தெரிஞ்ச வயசு குழந்தைன்னா ஜட்ஜே சேம்பர்ல தனியா கூப்பிட்டு பேசுவாங்க.

3. தேதி வாரியா ஒரு பேப்பர்

ஒரு வெள்ளை பேப்பர்ல தேதி, நடந்தது, ஆதாரம்னு மூணு பத்தி போட்டு எழுதுங்க. கல்யாணம், குழந்தை பிறந்தது, வீடு மாறுனது, ஸ்கூல் சேர்த்தது, பிரிஞ்சது, கடைசியா பணம் வந்தது, கடைசியா குழந்தைய பாத்தது. இவ்ளோதான். வக்கீலுக்கு இத கொடுத்தா அரை மணி நேரத்துல மனு டிராஃப்ட் ஆகும், நாப்பது பக்கம் கொடுத்தா ஃபைல்ல வெச்சுட்டு "அடுத்த வாரம் வாங்க"ன்னுவாங்க.

4. மனு எழுதறது

கஸ்டடி மனுவுல என்னென்ன இருக்கணும்னு கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம் 10வது பிரிவுலயே பட்டியல் இருக்கு: குழந்தை பேரு, ஆணா பெண்ணா, மதம், பிறந்த தேதி, வசிக்கிற இடம், இப்ப யாருகிட்ட இருக்கு, குழந்தை பேர்ல சொத்து இருந்தா அதோட மதிப்பு, நெருங்கின சொந்தக்காரங்க யாரு எங்க இருக்காங்க, இதுக்கு முன்னாடி எந்த கோர்ட்லயாவது மனு போட்டீங்களா, போட்டா என்ன ஆச்சு, உங்களுக்கு என்ன தகுதி, ஏன் கேக்குறீங்க. குழந்தைய திருப்பி ஒப்படைக்க சொல்லி 25வது பிரிவுல கேட்டாலும் இதெல்லாம் எழுதிடுங்க. கார்டியனா நியமிக்க சொல்லி கேட்டா, "இந்த பொறுப்ப ஏத்துக்க எனக்கு சம்மதம்"னு ஒரு டிக்ளரேஷன் கையெழுத்து போட்டு ரெண்டு சாட்சி கையெழுத்தோட சேர்க்கணும், பல மனு ரிட்டர்ன் ஆகுறது இந்த ஒரு தாள் இல்லாமதான்.

எழுதுற விதத்துக்கு ஒரு உதாரணம் சொல்றேன். நிறைய டிராஃப்ட்ல இப்படி இருக்கும்: "எதிர்மனுதாரர் பொறுப்பற்றவர், குழந்தையின் மீது துளியும் பாசம் இல்லாதவர், குடிகாரர்." இத படிச்சு ஜட்ஜ் எதையும் முடிவு பண்ண முடியாது, எதிர் பக்கம் கவுண்டர்ல (பதில் மனுவுல) "மறுக்கப்படுகிறது"ன்னு ஒரு வார்த்தையில தாண்டி போயிடுவாங்க. அதையே இப்படி எழுதிப் பாருங்க: "2023 ஜூன் முதல் இன்று வரை எதிர்மனுதாரர் பள்ளிக் கட்டணம் செலுத்தவில்லை. மூன்று தவணைகளையும் மனுதாரரே தன் வங்கிக் கணக்கிலிருந்து செலுத்தியுள்ளார், ஆவணம் 7, 8, 9. குழந்தை மருத்துவமனையில் இருந்த நான்கு நாட்களிலும் எதிர்மனுதாரர் வரவில்லை, டிஸ்சார்ஜ் சம்மரி ஆவணம் 11." இத மறுக்கணும்னா அவரு ரசீது காட்டியாகணும். ஒவ்வொரு பாராவுக்கும் நம்பர், முக்கியமான ஒவ்வொரு சங்கதிக்கும் பக்கத்துல ஆவண நம்பர், அவ்ளோதான் ரகசியம்.

தமிழ்நாட்டுல கீழ் கோர்ட்ல தமிழ்லயே மனு போடலாம். இங்கிலீஷ்ல அடிச்சா உங்களுக்கு புரியுதான்னு பாத்துட்டு கையெழுத்து போடுங்க. உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னா அஃபிடவிட் கடைசியில தமிழ்ல படிச்சுக் காட்டி விளங்க வெச்சதா ஒரு வரி இருக்கணும், இல்லன்னா கூண்டுல ஏறி "எனக்கு தெரியாதுங்க, வக்கீல் எழுதினாரு"ன்னு சொல்ற நிலைமை வரும்.

ஜீவனாம்ச மனுவுல குழந்தையையும் மனுதாரரா போடுங்க. முதல் மனுதாரர் அம்மா, ரெண்டாவது மனுதாரர் மைனர் குழந்தை, அம்மா மூலமாக. ஏன்னா மனைவிக்கு நல்ல வேலை இருக்கு, அவங்களுக்கு கிடையாதுன்னு கோர்ட் சொன்னாலும் குழந்தையோட உரிமை தனியா நிக்கும். எவ்ளோ வேணும்னு ரெண்டு பேருக்கும் தனித்தனியா தொகை எழுதுங்க, மொத்தமா ஒரு தொகைன்னு எழுதாதீங்க. 144வது பிரிவுல மைனர் குழந்தைக்குத்தான் கிடைக்கும், 18 முடிஞ்சா நின்னுடும், உடம்பாலயோ மனசாலயோ முடியாத பிள்ளைங்களுக்கு மட்டும் விலக்கு. இந்து குடும்பத்துல கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு 18க்கு மேலயும் வேணும்னா 1956 தத்து மற்றும் ஜீவனாம்ச சட்டம் 20வது பிரிவுல தனியா கேக்கலாம்.

5. வரவு செலவு அஃபிடவிட்

இதுதான் கேஸோட முதுகெலும்பு, ஆனா எல்லாரும் கடைசி நாள் ராத்திரி அவசரமா நிரப்புறதும் இதத்தான். 2020 நவம்பர்ல ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னதுல இருந்து ஜீவனாம்சம் கேக்குறவங்களும் கொடுக்க வேண்டியவங்களும் சொத்து, கடன், வருமானம் எல்லாத்தையும் ஒரு குறிப்பிட்ட ஃபார்ம்ல அஃபிடவிட்டா போட்டே ஆகணும். விவசாயத்த நம்பி இருக்கவங்களுக்கு தனி ஃபார்ம். எதிர் பக்கம் நாலு வாரத்துக்குள்ள அவங்களோடத போடணும், ரெண்டு தடவைக்கு மேல வாய்தா கேட்டு இழுத்தா அவங்க தரப்பையே கோர்ட் நீக்கலாம். அந்த தீர்ப்புலதான் மனு போட்ட தேதியில இருந்தே ஜீவனாம்சம் கணக்காகும்னும் சொல்லி இருக்கு, அதனால சமாதானம் பேசிட்டு இருக்கோம்னு ஃபைலிங்க தள்ளி போட்டா நஷ்டம் உங்களுக்குத்தான்.

குழந்தை செலவ எப்படி கணக்கு போடுறதுன்னு கற்பனையா ஒரு கணக்கு பாப்போம். வருஷ ஃபீஸ் 48,000ன்னா மாசம் 4,000. வேன் 1,500, ட்யூஷன் 1,000, சாப்பாடு பால் 5,000, துணிமணி செருப்பு வருஷத்துக்கு 12,000ன்னா மாசம் 1,000, மருந்து மாத்திரை 1,000, வீட்டு வாடகை 8,000ல குழந்தைக்குன்னு பாதி 4,000. கூட்டினா 17,500. இப்ப 20,000 கேட்டா மீதி எதுக்குன்னு கேள்வி வரும், 17,500 கேட்டா ஒவ்வொரு வரிக்கும் உங்ககிட்ட பதில் இருக்கும். சும்மா ரவுண்டா 50,000ன்னு போட்டுட்டு குறைச்சு கொடுப்பாங்கன்னு நினைக்கறவங்க நிறைய பேர், அது மீன் மார்க்கெட்ல பேரம் பேசுற கணக்கு, இங்க எடுபடாது.

மறைக்காதீங்க, இத ரெண்டு பக்கத்துக்கும் சொல்றேன். வேலைக்கு போற பொண்ணு "வருமானம் ஏதும் இல்லை"ன்னு எழுதி, எதிர் பக்கம் அவங்க பி.எஃப். விவரத்த கொண்டு வந்து நீட்டினா அதுக்கப்புறம் அவங்க சொல்ற உண்மையையும் நம்ப மாட்டாங்க. பொய் அஃபிடவிட்டுக்கு பி.என்.எஸ்.எஸ். 379வது பிரிவுல தனியா நடவடிக்கை கேக்கலாம், முன்னாடி 340ன்னு சொல்லுவாங்களே அதுதான். வேற கோர்ட்ல ஏற்கனவே ஜீவனாம்சம் வாங்கிட்டு இருந்தா அதையும் சொல்லிடணும். எதிர் பக்கம் சம்பளத்த மறைக்கறாருன்னா கம்பெனியில இருந்து ஸ்லிப்ப வரவழைக்க சொல்லி தனியா ஒரு ஐ.ஏ. (மெயின் கேஸுக்குள்ள போடுற இடைக்கால மனு) போடலாம்.

6. இடைக்கால மனு

மெயின் கேஸ் முடிய வருஷக்கணக்கு ஆகும், அது வரைக்கும் குழந்தை ஃபீஸுக்கு காத்திருக்காது. அதனால மெயின் மனுவோடயே இடைக்கால ஜீவனாம்சத்துக்கு ஒண்ணு, இடைக்கால கஸ்டடி இல்லன்னா விசிட்டேஷனுக்கு ஒண்ணுன்னு தனித்தனி ஐ.ஏ.வா அஃபிடவிட்டோட போட்டுடுங்க. இடைக்கால ஜீவனாம்ச மனுவ எதிர் பக்கத்துக்கு நோட்டீஸ் போன 60 நாள்ல கூடுமானவரை முடிக்கணும்னு 144வது பிரிவுலயே இருக்கு, நிஜத்துல தாண்டும், ஆனா அந்த வரிய காட்டி கேக்கலாம்.

விசிட்டேஷன் கேக்குறவங்க "வாரா வாரம் பாக்க அனுமதிக்கணும்"னு மொட்டையா கேக்காதீங்க. எந்த கிழமை, எத்தனை மணியில இருந்து எத்தனை மணி, எந்த இடம், யாரு கொண்டு வந்து விடணும், பரீட்சை நேரத்துல என்ன, தீபாவளி பொங்கல் யாருகிட்ட, மே மாச லீவுல எத்தனை நாள், வீடியோ கால் எத்தனை மணிக்கு, எல்லாத்தையும் எழுதுங்க. சென்னையில கோர்ட் வளாகத்துல இருக்குற குழந்தைகள் மையத்துல பாக்க சொல்றது உண்டு, வேற இடம் வேணும்னா அத நீங்கதான் கேக்கணும். பரஸ்பர சம்மத டைவர்ஸ்லயும் இதே கதைதான், "குழந்தையை இருவரும் பேசி பார்த்துக்கொள்வோம்"னு ஒரு வரியில முடிச்சவங்க அடுத்த வருஷமே ஆபீஸ் வாசல்ல நிப்பாங்க. எதிர் பக்கம் குழந்தைய வெளிநாடு கூட்டிட்டு போயிடுவாருன்னு பயம் இருந்தா கோர்ட் அனுமதி இல்லாம போகக்கூடாதுன்னு தடை கேட்டு, பாஸ்போர்ட்ட கோர்ட்ல ஒப்படைக்க சொல்லியும் முதல் நாளே கேளுங்க. வேற நாட்டுக்கு கூட்டிட்டு போன குழந்தைய திருப்பி அனுப்பறதுக்கான 1980 ஹேக் உடன்படிக்கையில இந்தியா இல்ல, போனதுக்கு அப்புறம் திரும்ப கொண்டு வர்றது பெரிய போராட்டம்.

7. கட்டு கட்டி ஃபைல் பண்றது

வரிசை இதுதான்: மனு, அஃபிடவிட், ஐ.ஏ.க்கள், வரவு செலவு அஃபிடவிட், இண்டெக்ஸோட டைப்டு செட் (ஆவண நகல் எல்லாம் சேர்ந்த கட்டு), வக்காலத்து. ஃபேமிலி கோர்ட் சட்டம் 13வது பிரிவுல வக்கீல் வெக்கறது உரிமையா கிடையாது, அதனால வக்காலத்தோட அனுமதி கேட்டு ஒரு மனுவும் போடுவாங்க. வக்கீல் இல்லாம நீங்களே ஆஜராகவும் செய்யலாம். பணம் இல்லன்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு போங்க, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாக்காம இலவச வக்கீல் தருவாங்க, போன் நம்பர் 15100.

எல்லா பக்கத்துலயும் கையெழுத்து, அடிச்சு திருத்துன இடத்துல சுருக்கொப்பம், பக்க நம்பர். ஒரிஜினல் எதையும் ஃபைலிங்ல கொடுத்துடாதீங்க, ஜெராக்ஸ் போட்டுட்டு ஒரிஜினல சாட்சி சொல்ற அன்னைக்கு கொண்டு வாங்க. கோர்ட்டுக்கு ஒரு செட், எதிர் பக்கம் எத்தனை பேரோ அத்தனை செட், உங்களுக்கு ஒண்ணு. பேரு இனிஷியல் ஆதார்ல ஒரு மாதிரி பர்த் சர்ட்டிஃபிகேட்ல ஒரு மாதிரி இருந்தா மனுவுலயே "என்கிற" போட்டு ரெண்டையும் எழுதிடுங்க.

வெளிநாட்டுல இருந்து கேஸ் நடத்துறவங்க அங்க இருக்குற இந்திய தூதரகத்துல பவர் பத்திரத்த அட்டெஸ்ட் பண்ணி அனுப்பினா, அது இந்தியாவுக்கு வந்த மூணு மாசத்துக்குள்ள ஸ்டாம்ப் டூட்டி கட்டியாகணும், அத விட்டுட்டு நிக்கறவங்கள அடிக்கடி பாக்குறேன்.

ஃபைல் பண்ண உடனே நம்பர் ஆகாது. சின்னச் சின்ன குறைய எழுதி ரிட்டர்ன் போடுவாங்க, பயப்பட ஒண்ணும் இல்ல, கொடுத்த நாளுக்குள்ள சரி பண்ணி ரீ-பிரசன்ட் பண்ணா போதும். நம்பர் ஆனதும் 16 எழுத்து சி.என்.ஆர். நம்பர் (உங்க கேஸோட தனி அடையாள எண்) வாங்கிக்கோங்க, ஈ-கோர்ட்ஸ் ஆப்ல அத போட்டா வாய்தா தேதி எல்லாம் போன்லயே வரும், குமாஸ்தாவுக்கு தினமும் போன் போட வேண்டாம். நோட்டீஸுக்கு பேட்டா (அத அனுப்புறதுக்கான கட்டணம்) கட்டுனாங்களான்னு மட்டும் நீங்களே கேட்டு உறுதி பண்ணிக்கோங்க, பேட்டா கட்டாம விட்டு டிஸ்மிஸ் ஆன கேஸ் எல்லா கோர்ட்லயும் இருக்கு.

8. அதுக்கப்புறம்

முதல்ல கவுன்சிலிங்குக்குதான் அனுப்புவாங்க, ஃபேமிலி கோர்ட் சட்டம் 9வது பிரிவுல சமாதானத்துக்கு முயற்சி பண்ணனும்னு கோர்ட்டுக்கே கடமை இருக்கு. அங்க போறப்பவும் தேதி பேப்பரையும் செலவு கணக்கையும் கையில எடுத்துட்டு போங்க. எழுதி கையெழுத்து போட சொன்னா வீட்டுக்கு எடுத்துட்டு போயி படிச்சுட்டு போடறேன்னு சொல்லலாம், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. நீங்க எதிர் பக்கமா இருந்து நோட்டீஸ் வந்திருந்தா வாங்காம திருப்பி அனுப்பாதீங்க, உங்க தரப்ப கேக்காமலே எக்ஸ்பார்ட்டி ஆர்டர் ஆகிடும், அத ரத்து பண்ண தனி மனு, தனி செலவு.

ஆர்டர் வந்த அன்னைக்கே நகல் மனு போட்டு சர்ட்டிஃபைட் காப்பி வாங்குங்க. ஃபேமிலி கோர்ட்டோட கஸ்டடி ஆர்டர் மேல அப்பீல் போகணும்னா 30 நாள்தான். ஜீவனாம்சம் ஒழுங்கா வரலன்னா பாக்கிக்கு தனியா நிறைவேற்று மனு போடணும், ஒரு மாச தொகை பாக்கி விழுந்த தேதியில இருந்து ஒரு வருஷத்துக்குள்ள போட்டாதான் அதுக்கு வாரண்ட் கேக்க முடியும், அதனால பாவம்னு விட்டுட்டு மூணு வருஷத்துக்கு சேத்து கேட்டா 144ல பழசு போயிடும். பணத்த கையில வாங்காதீங்க, கொடுக்கறவங்களும் கையில கொடுக்காதீங்க. அக்கவுண்ட்ல போட்டு, ரிமார்க்ஸ்ல எந்த மாசத்துக்குன்னு எழுதி, அந்த பேங்க் ஸ்டேட்மெண்ட்ட மூணு மாசத்துக்கு ஒரு தடவ பிரிண்ட் எடுத்து அதே கட்டுல கோத்து வையுங்க.